‘போக’ வரை வந்த வாக்கியம்

செப். 27, சனி

காலையிலிருந்து தூறல். வேட்டி ஒன்றும் காயவில்லை. கொலுவுக்குச் சுண்டல்: கடலை ஊறப் போட மறந்து பயறு.

பாமா அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்தாயிற்று. தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து ஸ்ரீவராகம் வந்து சேர்வதற்குள் மூன்று போன். இவருக்கு மூத்தவள், கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை விஜயதசமி. பூஜை எடுத்த கையோடு, மத்தியான வண்டியில் இவரைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம்.

"சுந்துவைக் கொஞ்ச நாள் நான் வெச்சுக்கறேன் மீனா. எங்காத்துக்குப் பக்கத்துலயே பிசியோ பண்ற எடம் இருக்கு. உன்னைக் கண்ணாடில பாத்தயோ? கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்கு."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருஷம். வலது கையும் நாக்கும் போயிற்று; புத்தியும் காதும் முன்னை மாதிரியே. பேச்செல்லாம் லாப்டாப் வழியாக. இடது கை ஒற்றை விரலால் தட்டுவார். ஸ்பேஸ் அழுத்தினால் அந்த வார்த்தையை அது வாய்விட்டுச் சொல்லும், பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக் குரலில். பள்ளிக்கூடத்து ஐ.டி. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த லினக்ஸ், நானே போட்டுக் கொடுத்தது. கணக்கு டீச்சருக்கு அந்த ஒரு கர்வம் உண்டு.

அக்காவுக்கு அவர் தட்டிய பதில்: "யோசிச்சு. சொல்றேன்."

"இதுல யோசிக்கறதுக்கு என்னடா இருக்கு?"

எனக்கும் யோசனைதான். போகட்டுமே என்று ஒரு மனசு. சீ, வெட்கமாக இல்லையா என்று இன்னொன்று.

செப். 28, ஞாயிறு

நல்ல வெயில். வேட்டி, போர்வை, தலையணை உறை எல்லாம் காய்ந்தது.

செய்ய வேண்டியவை: எட்டாம் கிளாஸ் பேப்பர் (பாதி பாக்கி). காஸ். இவருக்கு நகம் வெட்ட. லாப்டாப் அப்டேட்.

செய்தது: நகம்.

லாப்டாப்பில் ஒரு வாரமாக அப்டேட் செய், அப்டேட் செய் என்று ஒரு சின்னப் பெட்டி வந்து, இவர் எழுதுகிற இடத்தையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதை மூடுவதற்குள் இவருக்கு விரல் ஓய்ந்துபோகிறது. நாளைக்குக் கட்டாயம்.

மத்தியானம் அக்கா போனில் யாரிடமோ: "மீனா பாவம், ஸ்கூலுக்கும் போயிண்டு, ராத்திரி நாலு தரம் எழுந்துண்டு... இல்லை இல்லை, அவ வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டா."

எனக்காக ஒருத்தர் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று. அழுகை வந்தது. கூடவே கோபமும். இவர் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

செப். 29, திங்கள்

எல்லாம் நாசம். வரிசையாக எழுதினால்தான் தலை நிற்கும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்டேட் போட்டேன். புதுக் கெர்னல். அதுதான் முதலில் எழ வேண்டும். அது எழுந்தால்தான் மற்றதெல்லாம். அதை வைக்கிற மூலையில் இடமில்லை என்றது. பழைய கெர்னல்கள் மூன்று நான்கு கிடந்தன. பண்டிகைக்கு வீட்டைப் பெருக்குகிற வேகத்தில் எல்லாவற்றையும் என் கையாலேயே அழித்தேன். ஓடிக்கொண்டிருந்ததும் அதில் ஒன்று என்று தோன்றவேயில்லை. புதுசு இறங்க ஆரம்பித்தது. இவர் பாட்டுக்கு இன்னொரு ஜன்னலில் தட்டிக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக்குப் போனேன்.

இன்று பூஜை வைப்பு. விளக்கு ஏற்றுவதற்குள் புஸ்தகம், பேனா, வேலைச் சாமான் எல்லாம் சரஸ்வதி முன்னால் போய்விட வேண்டும். வியாழன் காலைவரை படிப்பும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

அடுக்களையில் கை மாவாக இருக்கும்போது குரல் கேட்டது. "நான்." நெடுநேரம் கழித்து, "அக்காவோட."

ஓடிவந்தேன். திரையில் அடுத்த வார்த்தை பாதி வந்திருந்தது. ‘போக’. விரல் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அதே நேரம் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா. "நாழியாச்சு நாழியாச்சு! சந்தி ஆயாச்சு, கேட்டயா! இதையும் வெக்கணும், இதுதானேடா இப்போ உன் ஆயுதம்!" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பாட்டரி செத்து ஒரு வருஷம். பிளக் போனால் உயிர் போயிற்று. திரை கறுத்தது.

"ஐயோ அக்கா!"

"அப்புறம் சொல்லட்டுமே. அம்பாள் காத்திண்டிருக்கா."

பிளக்கைத் திரும்பச் சொருகி ஆன் செய்தேன். கறுப்பில் வெள்ளை எழுத்தாகக் கொட்டியது, கடைசி வரியில் ‘கெர்னல் பானிக்’ என்று நின்றது. பழைய கெர்னலில் எழுப்பலாமே என்று பட்டியலைத் திறந்தால் அதில் ஒரே ஒரு பெயர். புதுசு. பாதியில் நின்ற புதுசு. பிளக்கைப் பிடுங்கினது அக்கா, சரி. திரும்பிப்போகிற வழியை அடைத்து வைத்தது நான்.

"என்னமோ நெறய எழுதறதே, நன்னாத்தானே இருக்கு? வை வை," என்றாள் அக்கா. மேல் மூடியில் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்தி. என் கணக்குப் புஸ்தகங்களுக்கும் அவளுடைய பஜனை நோட்டுக்கும் நடுவில் வைத்தாயிற்று. இவர் பூஜை அறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தார்.

சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "நான் அக்காவோட போகணும்னுதான் சொல்ல வந்தான்."

"போகமாட்டேன்னும் சொல்ல வந்திருக்கலாமே."

"போடி."

தமிழில் எல்லாம் கடைசியில்தான் இருக்கிறது. ஆமாவா இல்லையா என்பதுகூட.

இவரிடமே கேட்டேன். போறேளா, இல்லையா, தலையை மட்டும் ஆட்டுங்கோ. ஆட்டவில்லை. ஆட்டமாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் எல்லோரும் தலையாட்டச் சொன்னபோது, இதே லாப்டாப்பில் அவர் தட்டிய முதல் முழு வாக்கியம், "நான் என்ன பூம்பூம் மாடா?" இடது கையைத் தூக்கிப் பூஜை அறையைக் காட்டினார். அவ்வளவுதான்.

செப். 30, செவ்வாய்

மழை. பூஜை லீவு. இன்று எழுதக்கூடாது. எழுதுகிறேன். பூஜையில் வைக்காமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்த ஒரே நோட்டு இது. கோபித்துக்கொள்வதென்றால் சரஸ்வதி வரிசையில் நிற்கட்டும்.

காலையில் என் போனை இவரிடம் கொடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் கடுகு மாதிரி. விரல் ஓரிடத்தில் வைத்தால் நாலு இடத்தில் படுகிறது. "நபொ஁கக" மாதிரி என்னவோ வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். காகிதமும் பென்சிலும் கொடுத்தால் கோழி கிளறின மாதிரி இரண்டு கோடு. அதற்குள் அக்கா வந்து, "இன்னிக்கு எழுதப்படாது, தெரியாதா ரெண்டு பேருக்கும்," என்று பென்சிலை வாங்கிக்கொண்டுபோய் அம்பாள் முன்னால் வைத்துவிட்டாள்.

ஸ்டாஃப் குரூப்பில் கேட்டேன்: லினக்ஸ் ஏற்றின பென் டிரைவ் யாரிடமாவது உண்டா, வீட்டு லாப்டாப் எழவில்லை. வந்த பதில்கள்:

‘பூஜைக்கு வெச்சு டீச்சரே.’
‘லாப்டாப் பூஜையிலாணு.’
கைகூப்பும் படம்.
‘வியாழாழ்ச்ச நோக்காம்.’

வியாழன்தான் பார்க்கலாமாம். ஊரில் பாதி கம்ப்யூட்டர் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் ஜெஸி டீச்சர் கூப்பிட்டாள். அவள் வீட்டில் பூஜை கிடையாது, லாப்டாப் சும்மாதான் இருக்கிறதாம்.

"பழைய கெர்னல் ஒந்நும் இல்லே?"

"இல்லை."

"எல்லாம் களஞ்ஞோ?"

"களஞ்ஞு."

எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அப்புறம், "பேடிக்கண்ட டீச்சரே, ஃபயலொந்நும் போவில்ல," என்றாள். அவள் சொன்னது: பயப்பட ஒன்றுமில்லை, ஃபைல் எதுவும் போகாது; புதுக் கெர்னல் இறங்கிவிட்டது. அது எழும்போது டிஸ்க்குக்கு வழி காட்ட ஒரு சின்ன ஃபைல் வேண்டும். அதை எழுதிக்கொண்டிருக்கும்போது பிளக் போயிருக்கிறது. வெளியிலிருந்து பென் டிரைவில் எழுப்பி, உள்ளே போய், அந்த ஃபைலை மறுபடி எழுதவைத்தால் போதும். பென் டிரைவ் தயார் பண்ணி நாளைக்குத் தம்பானூரில் தருகிறாள். இன்றைக்கே வேண்டுமென்றால் அவள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இன்றைக்கே போயிருக்கலாம். மழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூஜையில் வைத்ததை எப்படித் தொடுவது என்றும் சொல்லிக்கொண்டேன். இந்தக் கணக்கு டீச்சருக்குத் திடீரென்று என்ன பக்தி!

நிஜம் என்னவென்றால் தூங்கினேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்தேன். இவருக்கு வேண்டியதை அக்கா பார்த்துக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை, பஸ் ஸ்டாண்டுக் குரலும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. எழுந்து பார்த்தால் இவர் அதே வாசலில், அதே நாற்காலியில்.

அக்கா போனில்: "ஆமா, சுந்து எங்கூட வரான். டிக்கெட் எடுத்தாச்சு."

அக். 1, புதன்

பால், மல்லிப்பூ, இவருக்குப் பிரஷர் மாத்திரை. தம்பானூர்.

ஜெஸி டீச்சர் ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தாமலே பென் டிரைவைக் கொடுத்தாள். "டீச்சர் ஆகெ க்ஷீணிச்சுபோயல்லோ," என்றாள். க்ஷீணம்தான். அந்த வார்த்தைக்குத் தமிழில் சோர்வு, களைப்பு, அசதி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் வந்தேன். மலையாளத்தில் சொன்னால்தான் எலும்புவரை போகிறது.

வீட்டுக்கு வந்து நேரே பூஜை அறை. செம்பருத்தியை எடுத்துப் படத்துக்கு வைத்தேன், லாப்டாப்பைத் தூக்கினேன்.

"என்னடி பண்றே? நாளைக்குக் காலம்பற எடுக்கணும். ஒரு ராத்திரிதானே!"

"இதுல ஆயுதம் என்ன இருக்கு அக்கா? இது அவர் வாய். யாராவது வாயைப் பூஜைக்கு வெப்பாளா?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள். சொன்னது சரிதான், சொன்ன விதம் சரியில்லை. வயசில் பெரியவள், இரண்டு நாளாக எனக்குப் பதில் துணி துவைக்கிறாள்.

பென் டிரைவைச் சொருகினால் இருக்கிறது என்றே காட்டவில்லை. மறுபடி. மறுபடி. ஜெஸியைக் கூப்பிட்டேன், வேற ஓட்டையில் போடு என்றாள். வேறு ஓட்டை எப்போதோ கெட்டுப்போயிற்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப்பார்த்தால், ஓட்டைக்குள் சந்தனம். மஞ்சளாகக் காய்ந்து, உள்ளே ஒட்டிக்கொண்டு. மூடிமேல் மட்டும் வைக்காமல் எல்லாப் பக்கமும் பூசியிருக்கிறாள் அக்கா, பாசமாக. ஊக்கு முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சத்தமில்லாமல், தோள் குலுங்க. சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

அப்புறம் பென் டிரைவ் வழியாக எழுந்தது, அதில் தமிழும் இல்லை, குரலும் இல்லை. இவருடைய ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன. ‘மீனாவுக்கு’ என்று ஒரு ஃபோல்டர். திறக்கவில்லை. திறக்கக் கை போயிற்று, இவர் பார்த்துக்கொண்டிருந்தார், விட்டேன்.

ஜெஸி சொன்ன கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். முதல் தடவை டிஸ்க்கின் தப்பான பாகத்துக்குள் போய்விட்டேன், அங்கே ஒன்றுமேயில்லை. இரண்டாவது தடவை சரியான இடம். அந்த வழிகாட்டி ஃபைலை எழுதச் சொன்னேன். எழுத ஆரம்பித்தது. வரி ஓடுகிறது, ஓடுகிறது.

கரண்ட் போயிற்று.

மழைக்குத் தெருவே இருட்டு. பாட்டரி இல்லாத பெட்டி மறுபடி செத்தது. நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "எனக்கு முடியலை," என்று சத்தமாகச் சொன்னேன். கம்ப்யூட்டரைச் சொன்னேனா எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இவர் இடது கையை என் தலையில் வைத்தார். கனமாக இருந்தது. நான் நகரவில்லை.

அக்கா நனைந்துகொண்டு வந்தாள். இரண்டு பேரும் இருட்டில் இருப்பதைப் பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். லாப்டாப்பை அவளே எடுத்துத் துடைத்து, திரும்பச் சரஸ்வதி முன்னால் வைத்தாள். சந்தனம் வைக்கவில்லை.

அக். 2, வியாழன்

வெளிச்சமாக இருக்கிறது. மழை இல்லை. கரண்ட் இருக்கிறது, விடியற்காலையே வந்துவிட்டது.

பூஜை எடுத்தாயிற்று. தட்டில் அரிசி பரப்பி அக்கா முதலில் ஹரிஸ்ரீ எழுதினாள், அப்புறம் நான். இவர் இடது விரலால் ஒரு கோடு இழுத்தார். அக்கா லாப்டாப்பை இரண்டு கையாலும் எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "பண்ணு. நான் பிளக் கிட்டயே உக்காந்துக்கறேன், யாரும் தொடமாட்டா." அப்படியே பிளக்கைக் காவல் காத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மறுபடி முதலிலிருந்து. பென் டிரைவ், சரியான பாகம், உள்ளே போய், கட்டளை. ஃபைல் எழுதி முடிந்தது என்றது. பட்டியலையும் புதுசாக எழுதவைத்தேன். பென் டிரைவைப் பிடுங்கி, ஆன் செய்தேன். கறுப்பு. கறுப்பு. அப்புறம் நீலத் திரை, அதில் இவர் பெயர்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மேஜையில் வைத்து இவரை நாற்காலியோடு தள்ளிவிட்டேன். இவர் அக்காவைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். தட்ட ஆரம்பித்தார்.

"நான்."

"அக்காவோட."

அக்கா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. ஒரு எழுத்துத் தப்பி, அழித்து, மறுபடி தட்டினார்.

"போகணும்னு."

"பாத்தயா! நான் சொல்லலை?" என்று அக்கா கையைத் தட்டினாள். "போகணும்ங்கறான்!"

எனக்கு மனசு லேசாயிற்று. அதுதான் நிஜம். அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? லேசான மறு நொடி வெட்கம் பிடுங்கித் தின்றது, அதுவும் நிஜம். ஆனால் விரல் நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.

"உனக்கு."

தட்டின கையோடு அக்கா அப்படியே நின்றாள்.

"இருக்கா."

அந்தக் குரலுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ‘இருக்கா’ என்று சொல்லி நிறுத்திற்று. இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நாலு நாளாக அந்த வாக்கியத்துக்கு அக்கா ஒரு முடிவை வைத்தாள், நான் ஒரு முடிவை வைத்தேன். இவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சொல்ல எத்தனையோ இருந்தது. சே, என்ன பேச்சு இது என்று சொல்லலாம். உங்க நல்லதுக்குத்தான் என்று சொல்லலாம். கேட்பதற்கே அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று பார்த்தபிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்கு," என்றேன். "கொஞ்ச நாள். எனக்குத் தூங்கணும்."

அக்கா, "மீனா!" என்றாள்.

இவர் திரும்பித் தட்டினார்.

"எனக்கும். போகணும்னு. இருக்கு."

அதோடு விட்டாரா? மறுபடி விரல்.

"உன். மூஞ்சியை. பாக்க. முடியலை."

சிரித்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் எப்படிப் பேசுவாரோ அப்படியே. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது, நிற்கவேயில்லை. அவருக்கும் என்னை விட்டுப் போக வேண்டியிருக்கிறது என்பது இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை. நான் சொன்னது அவருக்கும் இப்படித்தானே வலித்திருக்கும். அக்கா முந்தானையால் இவர் கண்ணைத் துடைத்தாள், அப்புறம் என் கண்ணை, அப்புறம் தன் கண்ணை.

"எத்தனை நாள்?" என்று கேட்டேன். சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டியது.

"தீபாவளிக்கு. வரேன்."

சரி என்றேன்.

மணி பத்தரை. வண்டி மூன்றுக்கு மேல். அக்கா வழிக்குத் தயிர்சாதம் கிளறுகிறாள். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். வேட்டி நாலு வைத்தாயிற்று. எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்டேன். "நீலம் வை, அவனுக்கு நீலம்தான்," என்று அடுக்களையிலிருந்து அக்கா. "சித்தெ இருங்கோ அக்கா," என்றேன்.

தட்டிக்கொண்டிருக்கிறார்.